ஆயரைத் தெரிவு செய்வது யார்?

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும்போது, அடுத்த ஆயர் யார் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, காதில் விழுகிற பதில்கள் பெரும்பாலும் ஒன்றுதான். "அது மேலிடத்து அலுவல், எங்களுக்கென்ன தெரியும்?" என்பார் ஒருவர். "கன்டபரி பேராயர் போடுவார்" என்பார் இன்னொருவர். "எல்லாம் முதலே பேசி முடிச்சிருப்பாங்கள்" என்று மூன்றாமவர் பேச்சையே முடித்துவைப்பார். பக்கத்து வீட்டுச் சைவக்கார அன்ரி, "உங்கட பெரிய சாமியை நீங்கள் எல்லாரும் சேர்ந்தா தெரிவு செய்யிறனீங்கள்?" என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது.

தெரிய வேண்டும். தேத்தண்ணி ஆறுமுன் சொல்லி முடிக்கிற கதை இல்லை; ஆனால் பொறுமையாகக் கேட்டால் விளங்காத கதையும் இல்லை.

முதலில் கொட்டாஞ்சேனையில் இருந்தே தொடங்குவோம். புனித லூசியாள் பேராலயம் கொழும்பின் கத்தோலிக்கப் பேராயருக்குரிய ஆலயம். அங்கே ஒருவர் பேராயராக வருவதை முடிவு செய்வது உரோமாபுரி. ஒரு திருச்சபை மாகாணத்து ஆயர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஆயராகத் தகுந்த குருமாரின் பெயர்களை இரகசியமாகக் கூடிப் பேசிப் பட்டியலிட வேண்டும். இடம் காலியாகும்போது பாப்பரசரின் தூதுவர் பலரிடம் விசாரித்து மூன்று பெயர்களை உரோமுக்கு அனுப்புவார். விசாரிக்கப்பட்டவர் தன்னிடம் கேட்டார்கள் என்பதைக்கூட வெளியே சொல்லக்கூடாது. குறைந்தது 35 வயது, குருத்துவத்தில் 5 ஆண்டு, இறையியலில் ஆழ்ந்த படிப்பு என்பன தகுதிகள். கடைசியில் பெயரைச் சொல்பவர் பாப்பரசர். மல்கம் ரஞ்சித் 2009இல் கொழும்புப் பேராயரானது இந்த வழியாகத்தான். 75 வயதானதும் ஆயர் தன் பதவி விலகல் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

புனித லூசியாளில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஜிந்துப்பிட்டியில் புனித தோமா ஆலயம் இருக்கிறது. தமிழில் ஆராதனை நடக்கும் பழைய அங்கிலிக்கன் ஆலயம். அதன் ஆயர் வருகிற வழி முற்றிலும் வேறு. அங்கே குருமாருக்கும் சபை மக்களுக்கும் வாக்கு உண்டு.

இந்த வாக்கு இலேசில் கிடைத்ததல்ல. கொழும்பின் அங்கிலிக்கன் மறைமாவட்டம் 1845இல் பிரித்தானிய முடியின் ஆணையால் உருவானது. முதல் ஆயர் ஜேம்ஸ் சாப்மன். முகத்துவாரத்தில் 1851இல் புனித தோமையார் கல்லூரியைத் தொடங்கியவர் அவர்தான். அந்தக் காலத்தில் ஆயரை நியமித்தது இலண்டன். சம்பளம் கொடுத்தது அரசாங்கம். இங்கே இருந்த கிறிஸ்தவர்களை யாரும் கேட்கவில்லை. நான்காவது ஆயர் ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன் முப்பது வயதிலேயே வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் அவருடைய சகோதரர் ஏர்னஸ்ட் கொப்பிள்ஸ்டன் அதே ஆசனத்தில் அமர்ந்தார். 1964இல் ஹெரல்ட் டி சொய்சா பதவியேற்கும்வரை கொழும்பின் எட்டு ஆயர்களும் பிரித்தானியர். நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு திருச்சபை தன் மண்ணில் பிறந்த ஒருவரைத் தன் ஆயராகக் காணவில்லை.

மாற்றம் மெல்ல வந்தது. 1881இல் அரசாங்கம் திருச்சபைக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்த முடிவெடுத்தது. அப்போது பலர் கலங்கினார்கள். ஆனால் அரசின் பணம் போனதால்தான் திருச்சபை தன் கையால் தனக்கு யாப்பு எழுத வேண்டி வந்தது. குருமாரும் பொதுமக்களும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்து வாக்களிக்கும் பழக்கமும் அதோடு வேரூன்றியது. 1930இல் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையில் இருந்து சட்டப்படி பிரிந்து தன் காலில் நின்றது. 1970இல் வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஐக்கிய திருச்சபைகள் உருவானபோது அந்தப் பழைய அமைப்பு கலைந்தது. கொழும்பும் 1950இல் உருவான குருநாகலும் தனித்து நின்றன. அன்றிலிருந்து இந்த இரண்டு மறைமாவட்டங்களுக்கும் மேலே கன்டபரி பேராயர் தலைமைப் பேராயர் என்ற நிலையில் இருக்கிறார். "கன்டபரி போடுவார்" என்ற பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். அவருடைய இசைவு வேண்டும் என்பது உண்மை. ஆனால் தெரிவுக்கு உரிய முதல் இடம் குருமாரும் ஆலயங்களின் பிரதிநிதிகளும் கூடுகிற மறைமாவட்ட மன்றம்தான்.

"திருச்சபைக்குள் தேர்தலா? ஜெபித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை வாக்குச் சீட்டால் தெரிந்துகொள்ளலாமா?" என்று மனம் நோகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தைத்தான் காட்ட வேண்டும். யூதாசின் இடம் காலியானபோது பேதுரு தனியே ஒருவரை நியமிக்கவில்லை. ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்தார்கள். முதலில் தகுதியைச் சொன்னார்கள்: யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை எங்களோடு இருந்தவராக வேண்டும். அதன்படி யோசேப்பு, மத்தியா என்று இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஜெபித்தார்கள். சீட்டுப் போட்டார்கள். தகுதி, பெயர்கள், ஜெபம், சீட்டு என்ற இந்த வரிசை இரண்டாயிரம் ஆண்டாகப் பெரிதாக மாறவில்லை.

தமிழருக்கு இது புதிய முறையும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. வாரியத்துக்கு நிற்பவர் 35 வயதுக்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது. தகுதியை முதலில் இறுக்கிக் கட்டிவிட்டு அதன் பிறகு குடத்தில் ஓலை போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யாரைத் தெரிவது என்பதற்கு முன்னால் எப்படிப்பட்டவரைத் தெரிவது என்று தீர்மானித்துவிட வேண்டும் என்ற அறிவு எருசலேமிலும் இருந்தது, உத்திரமேரூரிலும் இருந்தது.

இந்த அறிவை இன்றைக்கு மிக வெளிப்படையாக நடைமுறைப்படுத்துவது அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறி அந்த ஆலயங்களில் உறுப்பினராக இருப்பதால், அதை அறிந்துவைத்திருப்பது வீண் போகாது.

அங்கே ஓர் ஆயர் ஓய்வு பெறப் போகிறேன் என்று அறிவித்ததும், உடனே பெயர்களைப் பேச மாட்டார்கள். குருமாரும் பொதுநிலையினரும் கலந்த ஒரு தேடல் குழு அமைக்கப்படும். அந்தக் குழுவின் முதல் வேலை ஊர் ஊராகப் போய்க் கேட்பது: எங்களிடம் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, எதைப் பற்றிப் பேசாமல் ஒளித்துவைத்திருக்கிறோம்? அந்தப் பதில்களைத் தொகுத்து மறைமாவட்டத்தின் சுயவிபரம் ஒன்றை எழுதுவார்கள். வேலை தேடுகிறவர் தன் விபரத்தை எழுதுவது வழக்கம். இங்கே வேலை கொடுக்கிறவர்கள் தங்களைப் பற்றி முதலில் எழுதுகிறார்கள். ஆலயங்களின் எண்ணிக்கை, நிதிநிலை, மூடிய ஆலயங்கள், தீராத சண்டைகள் எல்லாம் அதில் வர வேண்டும். பொய் எழுதினால் தவறான ஆள்தான் வந்து சேர்வார்.

அதன் பிறகுதான் விண்ணப்பங்களும் பரிந்துரைகளும். குழு நேர்காணல் நடத்தும், பழைய இடங்களில் விசாரிக்கும், பின்னணியைச் சரிபார்க்கும். கடைசியில் சில பெயர்களை வெளியிடும். அந்தச் சிலரும் மறைமாவட்டம் முழுவதும் சுற்றி வந்து மக்கள் முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு தேர்தல் மன்றம் கூடும். குருமார் ஒரு பிரிவாகவும் பொதுநிலையினர் ஒரு பிரிவாகவும் வாக்களிப்பார்கள். ஒரே சுற்றில் இரண்டு பிரிவிலும் பெரும்பான்மை பெற்றவரே தெரிவானவர். குருமார் எல்லாரும் விரும்பினாலும் மக்கள் விரும்பாவிட்டால் ஆகாது. மக்கள் விரும்பிக் குருமார் மறுத்தாலும் ஆகாது. சுற்றுக்கு மேல் சுற்றாக வாக்கெடுப்பு நடக்கும். நடுவில் ஜெபமும் மௌனமும் உண்டு. அறிவிப்பில் இருந்து அபிஷேகம்வரை ஓர் ஆண்டுக்கு மேல் எடுப்பது அங்கே சாதாரணம்.

தேர்தலோடும் கதை முடிவதில்லை. தெரிவானவரை மற்ற மறைமாவட்டங்களின் ஆயர்களில் பெரும்பான்மையோரும், அந்தந்த இடத்து நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும் 120 நாளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஆயர் ஒரு மறைமாவட்டத்துக்கு மட்டும் ஆயராவதில்லை. முழுத் திருச்சபைக்கும் ஆயராகிறார். இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் புளோரிடாவைப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் அங்கே நடந்த தேர்தலில் நடைமுறைக் குறைகள் இருந்ததாகத் திருச்சபையின் விசாரணையில் முடிவானது. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் தேர்தல் நடந்து அதே குருவானவரே தெரிவானார். ஆனால் 2023இல் போதிய இசைவு கிடைக்கவில்லை. இரண்டு முறை வென்றவர் ஆயராக முடியவில்லை. அந்த மறைமாவட்டத்துக்கு அது வலிதான். ஆனாலும் ஒரு சபை தன் விருப்பத்தை மற்றச் சபைகளின் கண் முன்னால் வைத்து ஒப்புதல் கேட்க வேண்டியிருப்பது நல்ல காப்பு.

இன்னொரு காப்பு மிகப் பழையது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கம், புதிய ஆயரை அபிஷேகம் பண்ணக் குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும் என்று விதித்தது. இன்றைக்கும் அதுதான் விதி. அமெரிக்கத் திருச்சபையின் முதல் ஆயர் சாமுவேல் சீபரி, இங்கிலாந்தில் அபிஷேகம் கிடைக்காமல் ஸ்கொட்லாந்துக்குப் போய் 1784 நவம்பரில் அபெர்தீனில் மூன்று ஆயர்களின் கைகளால் அபிஷேகம் பெற்றார். அரசருக்கு விசுவாசம் தெரிவிக்கும் சத்தியத்தைச் சுதந்திர நாட்டவர் ஒருவர் செய்ய முடியாது என்பதே தடையாக இருந்தது. ஆயரைத் தெரிவதும் நாட்டின் விடுதலையும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கொழும்பு மறைமாவட்டம் தன்னைப் பற்றி ஒரு சுயவிபரம் எழுதினால் அதில் என்ன வரும்? பெயர் கொழும்பு என்றாலும் எல்லை கொழும்போடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பரியோவான் கல்லூரியும் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியும் இந்த மறைமாவட்டத்து மரபில் வந்தவை. மட்டக்களப்பு, திருகோணமலை, நுவரெலியா எல்லாம் இதற்குள் வருகின்றன. தோட்டத் தொழிலாளர் நடுவில் 1854இல் தொடங்கிய மிஷன் பணியின் பிள்ளைகள் இன்றும் தோட்டத்து ஆலயங்களில் தமிழில் பாடுகிறார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நற்கருணை ஆராதனை நடக்கிறது. ஒரு பக்கம் பெயர்பெற்ற கல்லூரிகளின் பழைய மாணவர். மறுபக்கம் லயன் அறையில் விளக்கேற்றி ஜெபிக்கிற குடும்பம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வீடு எரிந்தவரும் அன்று அடைக்கலம் கொடுத்தவரும் இதே திருச்சபைக்காரர். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மேய்ப்பர் வேண்டும்.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு எங்கும் இருந்து கடன் வாங்கியவையாக இருக்க முடியாது. அவருக்கு இரண்டு தாய்மொழிகளிலும் ஆறுதல் சொல்ல வருமா? காணாமல் போன பிள்ளையின் படத்தை வைத்திருக்கும் தாயின் முன் பேசாமல் உட்கார்ந்து கேட்கத் தெரியுமா? அதிகாரத்தில் இருப்பவர் தன் இனத்தவராக இருந்தாலும் பிழையைப் பிழை என்று சொல்வாரா? ஆலயக் காணியின் கணக்கை வெளிச்சத்தில் வைப்பாரா? 1987இல் ஜபேஸ் ஞானப்பிரகாசம் என்ற தமிழர் கொழும்பின் ஆயரானார். இனக்கலவரம் முடிந்து நான்கே ஆண்டு, நாடு முழுவதும் நெருப்பு. அப்படியொரு காலத்தில் சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள மாகாணத்தின் நடுவிலிருக்கும் ஆசனத்தில் ஒரு தமிழர் அமர முடிந்தது என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் கெனத் பெர்னாண்டோ, துலிப் டி சிக்கேரா, திலோராஜ் கனகசபை என்று தொடர்ந்து, 2020 அக்டோபரில் கொரோனாக் காலத்தின் நடுவே துஷாந்த ரொட்ரிகோ 16ஆவது ஆயராக அபிஷேகம் பெற்றார்.

வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்தார் பலருக்கு இன்னொரு முறையும் பழக்கம். தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் அமெரிக்க மிஷனின் வழிவந்தது. அந்த மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கியபோது அவர்களிடம் ஆயர் என்ற பதவியே இல்லை. சபையே தன் காரியத்தைத் தீர்மானிக்கும் மரபு. அப்படிப்பட்ட மக்கள் 1947இல் ஐக்கியத்துக்காக ஆயர் முறையை ஏற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 27ஆம் திகதி சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாணத்தின் முதல் ஆயராக அபிஷேகம் பெற்றார். அவரோடு அதே நாளில் அபிஷேகம் பெற்றவர்களில் மதுரை இராமநாதபுரத்துக்குப் போன லெஸ்லி நியூபிகினும் ஒருவர். அந்தத் திருச்சபையில் மறைமாவட்டப் பேரவை வாக்களித்துச் சில பெயர்களைத் தரும். அவற்றில் ஒருவரைத் திருச்சபையின் உயர் மன்றமான சினோட்டின் தெரிவுக் குழு தேர்ந்தெடுக்கும். மக்களின் குரலும் மேலிருந்து பார்ப்பவர்களின் நிதானமும் சேர வேண்டும் என்பது எண்ணம். 2013இல் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் புஷ்ப லலிதா என்ற பெண் ஆயரை இந்த முறையே தந்தது.

எந்த முறைக்கும் நோய் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆயர் தேர்தல் வழக்குகள் நீதிமன்றப் படி ஏறியதை நாம் எல்லாரும் பத்திரிகையில் படித்திருக்கிறோம். சாதி பார்த்து வாக்குச் சேர்ப்பது, பள்ளிக்கூட வேலையைக் காட்டி ஆள் பிடிப்பது என்ற குற்றச்சாட்டுகள் அங்கே புதிதல்ல. நம்மிடம் சாதி இல்லை, இனம் இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நமக்கும் முடியாது. "எங்கட ஆள்" என்ற ஒரு சொல் போதும், ஒரு தெரிவைக் கெடுக்க. மன்றத்தில் வேண்டிய பெரும்பான்மை யாருக்கும் கிடைக்காமல் போனால் முடிவு தலைமைப் பேராயரின் கைக்குப் போகும். அப்போது "கன்டபரி போட்டது" என்று குறைப்படுவதில் நியாயமில்லை. நாங்கள் ஒருமனப்படாததால் அவரிடம் போனது.

இறைசித்தத்தைத் தேடுவதும் தேர்தலும் ஒன்றுக்கொன்று பகை என்றும் நான் நினைக்கவில்லை. மிலான் நகரத்தில் 374ஆம் ஆண்டு ஆயர் தெரிவில் மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றபோது, அமைதி காக்க வந்த ஆளுநர் அம்புரோசியாரின் பெயரையே கூட்டம் கூவியது. அவர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. அந்தத் தெரிவு திருச்சபைக்குத் தந்தது ஒரு மகானை. மக்களின் வாயால் கடவுள் பேசலாம். ஆனால் கேட்பதற்கு மக்கள் முதலில் கூட வேண்டும்.

அங்கேதான் நம் குறை இருக்கிறது. ஆயரைத் தெரிவு செய்யும் மன்றத்தில் உட்காரும் பொதுநிலைப் பிரதிநிதிகளை அனுப்புவது உங்கள் ஆலயம்தான். அவர்களின் பெயர்கள் தீர்மானிக்கப்படுவது ஆலயத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில். அந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆராதனைக்கு நிறைந்த ஆலயம் கூட்டத்துக்கு முன் காலியாகிவிடும். இருக்கிற இருபது முப்பது பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக் கவலை. கணக்கறிக்கை வாசிக்கப்படும், யாரும் கேள்வி கேட்பதில்லை. "மன்றத்துக்கு யார் போறது?" என்று குருவானவர் கேட்பார். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். போன வருடம் போனவரே மறுபடியும் போவார், அவருக்கு வேறு யாரும் போட்டியில்லை. பிற்காலத்தில் ஓர் ஆயர் வேண்டி மன்றம் கூடும்போது, வாக்குச் சீட்டைக் கையில் பிடித்திருப்பவர் அந்த மனிதர்தான். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை நாம் தெரிவு செய்யவில்லை, விட்டுவிட்டோம்.

இளம் பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி மன்றத்துக்குப் போனால் அங்கே கேட்கப்படும் கேள்விகளே மாறும். தமிழ் ஆராதனைக்கு வருபவர் ஒருவர் போனால், தோட்டத்து ஆலயத்துக்குக் குருவானவர் ஏன் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார் என்ற கேள்வி மேசைக்கு வரும். அந்தக் கேள்விகளில் இருந்துதான் எப்படிப்பட்ட ஆயர் வேண்டும் என்ற படம் உருவாகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் ஆலயத்தின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இருந்துபோங்கள். மன்றத்துக்கு யார் போக வேண்டும் என்று வீட்டிலேயே பேசி, தகுந்த ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். தகுதி உங்களுக்கே இருந்தால் கையை உயர்த்துங்கள். ஆயர் தெரிவு அந்த மண்டபத்தில்தான் தொடங்குகிறது.